27 வயசுல முடிஞ்ச வாழ்க்கை, மூன்றரை நிமிஷத்துல அடங்கிய குரல்... யார் இந்த செங்கோட்டை கிட்டப்பா?

குற்றாலம் சீசனுக்குப் போய்ட்டு வந்தவங்களுக்கு இது கட்டாயம் தெரிஞ்சிருக்கும். அருவியில குளிச்சுட்டு, நடுங்குற பசியோட வண்டியை செங்கோட்டை பக்கம் திருப்பினா, பிரானூர் பார்டர்ல பரோட்டா வாசனை ஆளைத் தூக்கும். பார்டர் பரோட்டா, பார்டர் சிக்கன்னு ஊரெல்லாம் போர்டு வெச்சிருக்காங்களே, அது எந்த பார்டர்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா?

அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் எல்லை. 1956 நவம்பர் 1-ம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமையும் வரை, தென்காசி சென்னை மாகாணத்தில் இருந்தது. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. இன்று இரண்டுமே தென்காசி மாவட்டம். அந்த மாவட்டமே 2019-ல்தான் உருவானது.

அந்த பழைய எல்லைக்கு அந்தப் பக்கம், 1906 ஆகஸ்ட் 25-ம் தேதி, கங்காதர ஐயர் - மீனாட்சி அம்மாள் தம்பதிக்கு ஒரு பையன் பிறந்தான். பேர் ராமகிருஷ்ணன். பேரில் இருக்கும் கிருஷ்ணன் தெக்கத்தி வாயில் கிட்டன் ஆகி, கிட்டப்பா ஆனது. எஸ்.ஜி.கிட்டப்பா என்று சொன்னால் உங்க தாத்தாவின் அப்பாவுக்கு உடனே தெரியும். நமக்கு? பெரும்பாலும் கே.பி.சுந்தராம்பாளின் கணவர் என்ற அளவில் நின்றுவிடுகிறது. நான் பி.ஏ. தமிழ் படித்தபோது நாடகத் தாளில் சங்கரதாஸ் சுவாமிகளுக்கு அஞ்சு மார்க் கேள்வி உண்டு. கிட்டப்பாவுக்கு பாடப் புத்தகத்தில் ஒரே ஒரு வரிதான்.

அந்த ஒரு வரிக்குள் அடங்குகிற ஆள் இல்லை அவர். இருபதுகளிலேயே தமிழ்நாடு, இலங்கை முழுக்க கூட்டத்தை இழுத்த நட்சத்திரம். சினிமாவில் ஒரு காட்சியில்கூட நடித்ததில்லை. 27 வயசில் இறந்துபோனார். இன்று நம்மிடம் இருப்பது அவர் பாடிய சில கிராமபோன் இசைத்தட்டுகள் மட்டும்தான்.

நாடகக் கம்பெனிக்குப் போன சின்னப் பையன்

கிட்டப்பா பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்னாடி, 1904-ல், மேற்குத் தொடர்ச்சி மலையைக் குடைந்து போன கொல்லம் - செங்கோட்டை ரயில் பாதை திறக்கப்பட்டது. ரயில் வந்தது நாடகத்துக்கு ரொம்ப முக்கியமான விஷயம். அந்தக் கால நாடகக் கம்பெனி என்றால் திரைச்சீலை, உடுப்பு, கிரீடம், ஹார்மோனியம், சமையல் பாத்திரம் என்று ஒரு ஊரையே மூட்டை கட்டிக்கொண்டு நகர வேண்டும். ரயில் போகும் ஊர்களுக்கெல்லாம் நாடகமும் போனது.

அப்போது சின்னப் பையன்களை மட்டுமே வைத்து நடத்தும் கம்பெனிகள் இருந்தன. பாய்ஸ் கம்பெனி என்று பேர். வறுமையில் இருக்கும் குடும்பங்கள் பாட்டு வரும் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். சாப்பாடு, துணிமணி, பயிற்சி எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும். கிட்டப்பாவும் அவர் சகோதரர்களும் அப்படித்தான் மேடைக்கு வந்தார்கள். சங்கரதாஸ் சுவாமிகளின் பயிற்சியில் தொடங்கிய கிட்டப்பா, முதல் தடவை மேடை ஏறியபோது பத்து வயசைக்கூட எட்டவில்லை.

யார் இந்த சங்கரதாஸ் சுவாமிகள்? தெருக்கூத்துக்கும் இன்றைய நாடகத்துக்கும் நடுவில் நிற்கும் பெரிய ஆள். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று மதுரைப் பக்கத்து ஊர்த் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் நாடகங்களை எழுதியவர். அவரிடம் பயிற்சி பெற்ற பையன்கள் பாடவும் வேண்டும், வசனம் பேசவும் வேண்டும், எதிரில் நிற்பவரிடம் தர்க்கம் பண்ணி ஜெயிக்கவும் வேண்டும்.

இந்தப் பையன்கள் எல்லோரும் பயந்த ஒரு விஷயம் மகரக்கட்டு. பருவ வயசில் குரல் உடைவதை அப்படிச் சொல்வார்கள். நேற்று வரை கூட்டத்தைக் கட்டிப்போட்ட குரல், ஒரு காலையில் கரகரவென்று ஆகிவிடும். சிலருக்குத் திரும்ப வரும், பலருக்கு வராது. வராதவர்கள் சாமான் தூக்கவோ, ஊர் திரும்பவோ வேண்டியதுதான். கிட்டப்பாவுக்கு அந்தக் கண்டம் தாண்டியது. உச்ச ஸ்தாயியில் ஏறினாலும் பிசிறு தட்டாத குரல், பெரிய ஆளான பிறகும் அவரிடம் இருந்தது.

சங்கரதாஸ் சுவாமிகளுக்குப் பிறகு அவர் சேர்ந்தது கன்னையா கம்பெனி. அந்தக் காலத்தின் பிரம்மாண்டம் என்றால் கன்னையாதான். காட்சி ஜோடனைக்குத் தண்ணீராகப் பணம் செலவழிப்பார். அவருடைய தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க வெளியூரில் இருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். அங்கேதான் கிட்டப்பா என்ற பேர் போஸ்டரின் மேலே ஏறியது.

மைக் இல்லாத காலத்தில் எப்படிப் பாடினார்கள்?

இதைப் புரிந்துகொண்டால்தான் கிட்டப்பா ஏன் பெரிய விஷயம் என்பது புரியும்.

கொட்டகையில் சில ஆயிரம் பேர். மைக் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. நாடகம் ராத்திரி பத்து மணி வாக்கில் தொடங்கி விடிகிற வரை போகும். கடைசி வரிசையில் தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் வார்த்தை வார்த்தையாகப் பாட்டு போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் சீட்டியும் கூச்சலும்தான்.

இதற்கு ஒரே வழி, சுருதியை மேலே ஏற்றுவது. நம்ம ஊரில் சுருதியைக் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஹார்மோனியத்தின் கட்டைகளில் இருந்து வந்த கணக்கு அது. ஆண்கள் சாதாரணமாக ஒரு கட்டை, இரண்டு கட்டை சுருதியில் பாடுவார்கள். நாடக மேடை ஆண்கள் நாலு, அஞ்சு கட்டைக்குப் போனார்கள். பெண்களின் சுருதிக்குப் பக்கத்தில் வரும் உயரம் அது. அந்த உயரத்தில் பெரும்பாலானவர்களுக்குப் பாட்டு கத்தலாக மாறிவிடும். அங்கேயும் ராகம், சங்கதி, பிருகா எல்லாம் துல்லியமாக விழுந்தது கிட்டப்பாவுக்கு. கர்நாடக சங்கீதத்தை வருஷக்கணக்கில் குருகுலத்தில் உட்கார்ந்து படித்தவர் இல்லை அவர். காதால் கேட்டு வாங்கியதுதான் அதிகம். ஆனாலும் கச்சேரி வித்வான்கள் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்து கேட்டார்கள். பின்னாளில் கச்சேரி உலகின் சூப்பர் ஸ்டார் ஆன ஜி.என்.பாலசுப்பிரமணியம், தன் பாணியில் கிட்டப்பாவின் பாதிப்பு உண்டு என்று பலராலும் சொல்லப்படுபவர்.

மேடையில் கிட்டப்பாவுக்குப் பக்கபலம் அண்ணன் காசி ஐயர். ஹார்மோனியம் அவர் கையில். தம்பி எங்கே மூச்சு எடுப்பான், எங்கே சட்டென்று மேலே தாவுவான் என்பது அண்ணனுக்கு மனப்பாடம்.

கொழும்பில் சேர்ந்த ஜோடி

அந்தக் காலத்தில் ஸ்பெஷல் நாடகம் என்று ஒன்று உண்டு. வெவ்வேறு கம்பெனியில் இருக்கும் நடிகர்களைத் தனித்தனியாகப் பேசி, ஒரே ராத்திரிக்கு ஒரே மேடையில் ஏற்றிவிடுவார்கள். ஒத்திகை கிடையாது. கதை எல்லோருக்கும் தெரியும். மீதியை மேடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். ஒருவர் ஒரு ராகத்தில் பாடி நிறுத்தினால், மற்றவர் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இன்றைய ரியாலிட்டி ஷோ சிங்கிங் போட்டி எல்லாம் இதற்கு முன்னால் சும்மா.

அப்படி ஒரு போட்டியாகத்தான் இந்த ஜோடி சேர்ந்தது. 1920-களின் நடுவில் கே.பி.சுந்தராம்பாள் இலங்கையில் கொடிகட்டிப் பறந்துகொண்டிருந்தார். கொடுமுடிக்காரர், 1908-ல் பிறந்தவர். சின்ன வயசில் ரயிலில் பாடிக்கொண்டிருந்தவரை நாடக ஆர்வலர் ஒருவர் கவனித்து மேடைக்கு அழைத்துவந்தார் என்று சொல்வார்கள். கிட்டப்பாவும் இலங்கைக்கு வர, இரண்டு பேரையும் சேர்த்து மேடை ஏற்றினால் வசூல் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டார்கள் நாடகக் காண்ட்ராக்டர்கள். அவர் குரலுக்கு முன்னால் இவர் நிற்க முடியுமா என்ற பேச்சும் கூடவே கிளம்பியது.

நின்றார். வள்ளி திருமணத்தில் இவர் வள்ளி, அவர் வேலன். கொழும்பில் பிடித்த தீ அப்படியே கடல் தாண்டி தமிழ்நாட்டுக்கும் வந்தது. சுதந்திரப் போராட்டம் சூடாக இருந்த நேரம் என்பதால், புராண நாடகத்துக்கு நடுவிலேயே தேசியப் பாட்டுகளும் பாடினார்கள். கூட்டம் கேட்டு வாங்கியது. முருகன் வேஷத்தில் நிற்பவர் காந்தியைப் பாடுவது யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

1927-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

காதல் கதை என்று சொல்வதற்கு முன்...

யூடியூபில் தேடினால் இந்த இருவரைப் பற்றி அமர காதல், தெய்வீகக் காதல் என்று தலைப்பு வைத்த வீடியோக்கள் வரும். எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம் உண்டு.

கிட்டப்பாவுக்கு 1924-லேயே கிட்டம்மாள் என்பவரோடு கல்யாணம் ஆகிவிட்டது. சுந்தராம்பாளுக்கும் அது தெரியும். இரண்டாம் திருமணம் சட்டப்படி தடை செய்யப்படாத காலம் அது. ஆனால் சாதி வேறு, ஊர் வேறு, இரண்டு பக்கமும் வருமானத்தை நம்பியிருக்கும் பெரிய குடும்பங்கள். சுந்தராம்பாள் கர்ப்பமாக இருந்தபோது கிட்டப்பா விலகிப்போனார். குழந்தை பிறந்து சில நாட்களிலேயே இறந்துவிட்டது. அந்தச் சமயத்தில் சுந்தராம்பாள் அவருக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் அச்சிலும் வந்திருக்கின்றன. படித்தால் மனசு கனத்துப்போகும். கோபம், கெஞ்சல், மானம், ஆசை எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். ஊரே கொண்டாடிய ஒரு பாடகி, தனி ஆளாக ஒரு வீட்டில் உட்கார்ந்து பதில் வராத கடிதங்களை எழுதிக்கொண்டிருந்தார் என்பதைத் தெய்வீகம் என்ற வார்த்தையால் மூடிவிட முடியாது.

இன்னொரு பக்கம், கிட்டப்பாவைக் குடி பிடித்துக்கொண்டது. ராத்திரி முழுக்க மேடை, பகலெல்லாம் பயணம், கையில் புழங்கும் பணம், கூடவே சுற்றும் கூட்டம்... காரணம் எதுவானாலும் உடம்பு தாங்கவில்லை. இடையில் மறுபடி இருவரும் சேர்ந்து நடித்ததும் உண்டு, பிரிந்ததும் உண்டு. 1933 டிசம்பர் 2-ம் தேதி கிட்டப்பா இறந்தார். வயசு 27.

ராக் இசைப் பிரியர்களுக்கு 27 என்றதும் ஒரு பட்டியல் ஞாபகம் வரும். ஜிமி ஹென்ட்ரிக்ஸ், ஜானிஸ் ஜாப்ளின், ஜிம் மாரிசன், கர்ட் கோபேன், ஏமி வைன்ஹவுஸ் என எல்லோருமே 27 வயசில் போனவர்கள். இந்தப் பட்டியலில் ரொம்பப் பழைய பேர்களில் ஒன்று ராபர்ட் ஜான்சன். அமெரிக்க ப்ளூஸ் பாடகர். 1936-லும் 1937-லும் இரண்டு தடவை பதிவு செய்த 29 பாட்டுகளை விட்டுவிட்டு 1938-ல் இறந்தார். அவருக்கு ஐந்து வருஷம் முந்தினவர் நம்ம செங்கோட்டைக்காரர்.

நம்ம தென்காசி மாவட்டத்திலேயே இன்னொருவரும் உண்டு. காவடிச் சிந்து பாடிய சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார். முப்பது வயசைத் தொடாமலே இறந்தவர். அவர் காலத்தில் நம்ம ஊர்ப் பக்கம் குரலைப் பதிவு செய்ய வழியே இல்லை. கிட்டப்பா விஷயத்தில் நமக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்.

மிச்சம் இருப்பது என்ன?

அந்த அதிர்ஷ்டம்தான் கிராமபோன். நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றும் அரக்குத் தட்டு. ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் மூன்று, மூன்றரை நிமிஷம். பாடகர் மெழுகுத் தட்டின் முன்னால் ஒரே மூச்சில் பாடி முடிக்க வேண்டும். தப்பு வந்தால் வெட்டி ஒட்ட முடியாது, முதலில் இருந்துதான். 1925-க்குப் பிறகு மைக் வைத்துப் பதியும் முறை உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முன்னால் பெரிய கொம்புக்குள் தலையை விட்டுக் கத்த வேண்டும். பதிந்த மெழுகு கல்கத்தா பக்கத்தில் டம்டம் போன்ற இடங்களுக்குப் போய், தட்டாக அச்சாகி, இங்கே வந்து சேரும்.

இதில்தான் சிக்கல். கொட்டகையில் ஒரே பாட்டை அரை மணி நேரம் விரித்துப் பாடுகிற ஆளை மூன்றரை நிமிஷத்துக்குள் அடைக்க வேண்டும். கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டால் அந்த அவசரம் தெரியும். தியாகராஜரின் எவரனி கீர்த்தனை அவர் குரலில் ரொம்பப் பிரபலமான தட்டு. காமி சத்யபாமா இன்னொன்று. ஹார்மோனியம் ஒரு கோடு போட்டதும் சட்டென்று உச்சிக்குத் தாவுகிறார். அங்கே நின்று ஒரு பிருகா, கீழே ஒரு சறுக்கல், மறுபடி மேலே. நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே பாடுவது போல இருக்கும்.

மேடையில் அவரும் சுந்தராம்பாளும் ராத்திரி முழுக்கப் போட்டி போட்டது எதுவும் நம்மிடம் இல்லை. ஒரு ராத்திரி நாடகத்தை அப்படியே பிடித்து வைக்கும் கருவி அப்போது இல்லை.

சரி, ரேடியோ இருந்ததே என்று கேட்கலாம். சென்னை மாநகராட்சி 1930-லேயே ஒலிபரப்பு தொடங்கியது. மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி கட்டி மக்களைக் கேட்க வைத்தார்கள். ஆனால் அது நகரத்தைத் தாண்டாது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கியது 1938 ஜூன் 16. திருச்சி நிலையம் 1939 மே 16. கிட்டப்பா இறந்து நாலரை வருஷம் கழித்துத்தான் அந்த வாசலே திறந்தது. 1940-ல் இன்னொரு கூத்தும் நடந்தது. ஹார்மோனியத்தில் கமகம் வராது, அது நம்ம இசைக்குப் பொருந்தாது என்று சொல்லி அகில இந்திய வானொலி அந்தக் கருவிக்கே தடை போட்டது. சுமார் முப்பது வருஷம் அந்தத் தடை இருந்தது. காசி ஐயரின் ஹார்மோனியம் இல்லாமல் கிட்டப்பாவை யோசித்துப் பாருங்கள்!

சினிமாவும் கிட்டத்தட்ட அதே கதைதான். தமிழின் முதல் பேசும் படம் காளிதாஸ் 1931 அக்டோபரில் வந்தது. பாட்டுப் பாடத் தெரிந்த நாடக நடிகர்களைத் தேடித்தேடி அழைத்தார்கள். இன்னும் இரண்டு, மூன்று வருஷம் இருந்திருந்தால் தியாகராஜ பாகவதருக்கும் பி.யு.சின்னப்பாவுக்கும் போட்டியாக ஒருவர் இருந்திருப்பார். சரி, அதைப் பேசி என்ன ஆகப்போகிறது.

வெள்ளைச் சேலை

கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயசு. அன்றில் இருந்து வெள்ளைச் சேலை, நெற்றியில் திருநீறு. இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். கொஞ்ச காலம் வெளியே வரவே இல்லை. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்திய பிறகே மறுபடி பொது மேடைக்கு வந்தார்.

1935-ல் நந்தனார் படத்துக்குக் கூப்பிட்டபோது, மறுப்பதற்காகவே ஒரு லட்சம் ரூபாய் கேட்டார் என்று சொல்வார்கள். தயாரிப்பாளர் கொடுத்துவிட்டார்! அதிலும் அவர் போட்டது ஆண் வேஷம், நந்தனார். வேதியராக நடித்தவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். ஜோடி இல்லாமல் நடிக்க அதுவும் ஒரு வழி. பிறகு 1953-ல் ஔவையார், 1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள், 1965-ல் திருவிளையாடலில் மறுபடி ஔவை. எல்லாமே துறவி, கிழவி வேஷங்கள்தான். நாம் பார்த்து வளர்ந்த அந்தப் பாட்டி உருவத்துக்குப் பின்னால் இருப்பது 25 வயசில் எடுத்த ஒரு முடிவு. சட்ட மேலவை உறுப்பினராகவும் இருந்தார், பத்மஸ்ரீயும் வாங்கினார். 1980-ல் இறக்கும் வரை வெள்ளைச் சேலைதான். கிட்டப்பாவோடு வாழ்ந்தது மொத்தமாகக் கூட்டினாலும் சில வருஷம். அவர் இல்லாமல் வாழ்ந்தது கிட்டத்தட்ட 47 வருஷம்.

இப்போது கேட்க வேண்டும் என்றால்?

கிட்டப்பாவின் பழைய தட்டுகளைச் சேகரிப்பாளர்கள் பலர் டிஜிட்டலாக மாற்றி இணையத்தில் போட்டிருக்கிறார்கள். கேட்பதற்கு முன் ஒரு சின்ன டிப்ஸ். முதல் பத்து நொடி அரக்குத் தட்டின் இரைச்சல் மட்டும்தான் காதில் விழும். அடைமழையில் தகரக் கூரைக்குக் கீழே நிற்பது போல இருக்கும். அதோடு மூடிவிடாதீர்கள். ஹெட்போன் போட்டுக் கேட்டால் கொஞ்ச நேரத்தில் காது பழகி, இரைச்சல் பின்னால் போய்விடும்.

அதைக் கேட்ட கையோடு, 1945-ல் வந்த ஸ்ரீ வள்ளி படத்தில் டி.ஆர்.மகாலிங்கம் பாடியதையும் கேளுங்கள். கிட்டப்பாவின் பாணியை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தவர் என்று பேர் வாங்கியவர் சோழவந்தான் மகாலிங்கம். கிட்டப்பா மேடையில் பாடிப் பிரபலமான வள்ளி நாடகப் பாட்டு இந்தப் படத்திலும் உண்டு. இதில் ஒலிப்பதிவு தெளிவாக இருக்கும். முதலில் மகாலிங்கத்தைக் கேட்டுவிட்டு, அப்புறம் கிட்டப்பாவின் தட்டுக்குத் திரும்பினால், இரைச்சலுக்குள் இருக்கும் சங்கதிகள் இன்னும் நன்றாகப் பிடிபடும். அடுத்த சீசனுக்குக் குற்றாலம் போகும்போது பிளேலிஸ்ட்டில் போட்டுவையுங்கள். தென்காசியில் தொடங்கினால் செங்கோட்டை பார்டர் வருவதற்குள் நாலு தட்டு கேட்டுவிடலாம்.